போர்வெல்லுக்கே ஃப்ராக்கிங் பண்றாங்களே, கேஸ் எடுக்கப் பண்ணா மட்டும் ஏன் கத்துறீங்க?

பம்புசெட் | ஜூன் 16, 2024, காலை 9:10

எங்க ஊர் தருமபுரி பக்கம். கொஞ்ச வருஷம் முன்னாடி குடிநீர் வாரியத்துலேருந்து ஒரு லாரி வந்து, வத்திப்போன கைப்பம்பு போருக்குள்ள தண்ணிய பிரஷர்ல அடிச்சு பாறைய விரிச்சுட்டுப் போனாங்க. ஹைட்ரோ ஃப்ராக்சரிங்னு பேர், சுருக்கமா ஃப்ராக்கிங். அதுக்கப்புறம் அந்த பம்புல தண்ணி வந்துச்சு, யாரும் சாகல. அதே டெக்னாலஜிய கேஸ் எடுக்க யூஸ் பண்ணா மட்டும் மண்ணு மலடாயிடும், டெல்டா பாலைவனம் ஆயிடும்னு ஒப்பாரி. உணர்ச்சிவசப்படாம போர் போடுற ஆளுங்க யாராவது இருந்தா பதில் சொல்லுங்க.

கைபோர்காரன் | ஜூன் 16, இரவு 10:48

போர் போடுற ஆள் தாங்க நானு. திருத்துறைப்பூண்டிக்குக் கிழக்கால. பத்தொன்பது வருஷமா இதான் பொழப்பு, மொதல்ல கைபோர் செட்டுல கூலி, இப்ப சொந்தமா ஒரு மெஷின் இருக்கு. இந்த வருஷம் ஜூன் 12 மேட்டூர் திறக்கல, அதனால எங்களுக்கு சீசன், நாலு நாளா சரியாத் தூங்கல, எழுத்துல தப்பு இருந்தா பொறுத்துக்கங்க.

நீங்க சொல்ற லாரி உண்மைதான். உங்க பக்கம் பாறை, அதுல இருக்குற வெடிப்பு மண்ணு அடைச்சு மூடிக்கும். போருக்குள்ள ஒரு ரப்பர் அடைப்பான இறக்கி கீழ் பாகத்த தனியாப் பிரிச்சு, வெறும் தண்ணிய அடிச்சு அந்த வெடிப்பத் திறப்பாங்க. இருநூறு முந்நூறு அடி, சில ஆயிரம் லிட்டர், அரை நாள் வேலை. அடிச்ச தண்ணியும் குடிக்கிற தண்ணிதான்.

கேஸுக்குப் பண்றது வேற மாதிரி. ஒன்றரை கிலோமீட்டர், ரெண்டு கிலோமீட்டர்னு நேரா இறங்கி, அங்கேருந்து படுக்கவசத்துல திரும்பி பாறைக்குள்ளயே இன்னும் ஒரு கிலோமீட்டருக்கு மேல போகும். அதுல தண்ணி, மணல், கெமிக்கல் மூணும் சேத்து அடிப்பாங்க. மணல் எதுக்குன்னா வெடிப்பு திரும்ப மூடிக்காம முட்டுக் குடுக்க. ஒரு கிணத்துக்கு அமெரிக்காவுல ஆகுற தண்ணி 15 லட்சம் கேலன்லேருந்து 160 லட்சம் கேலன் வரைக்கும்னு அந்த ஊர் அரசு நிலவியல் துறையே சொல்லுது. நம்ம கணக்குல அறுபது கோடி லிட்டர். பேர் ஒண்ணா இருந்தா வேலை ஒண்ணாயிடுமா சார், கிணறு வெட்டுறதும் வெட்டுறதுதான் கழுத்த வெட்டுறதும் வெட்டுறதுதான்.

கைபோர்காரன் | ஜூன் 17, காலை 6:20

தப்பு தப்பு. 160 லட்சம் கேலன்னா 6 கோடி லிட்டர். ஒரு சைபர் கூடப் போட்டுட்டேன். பையன் பிளஸ் டூ, அவன்தான் படிச்சுட்டு சிரிச்சான். குறைஞ்ச பட்சம் 57 லட்சம் லிட்டர், கூடுன பட்சம் 6 கோடி.

சைபர் போனதுக்கப்புறமும் சின்ன விஷயம் இல்ல. இப்ப எங்க பக்கம் ஓடுற தண்ணி லாரி 12,000 லிட்டர். கம்மியானது 475 லோடு, ஜாஸ்தியானது 5,000 லோடு. ஒரு கிணத்துக்கு. நேத்து எங்க தெருவுல ஒரு லோடுக்கு நாலு வீட்டுக்காரங்க குடத்த வெச்சுக்கிட்டு சண்டை.

கைபோர்காரன் | ஜூன் 19, இரவு 11:30

"கெமிக்கல் அரை பர்சென்ட் தான், மிச்சம் 99.5 தண்ணியும் மணலும்" அப்படின்னு கீழ ரெண்டு பேர் ஒரே வாக்கியத்தப் போட்டிருக்கீங்க. சரி, அரை பர்சென்ட்டே வெச்சுக்குவோம். 2 கோடி லிட்டருக்கு அரை பர்சென்ட் 1 லட்சம் லிட்டர். எட்டு லாரி. எட்டு லாரி கெமிக்கல உங்க ஊர் ஏரிக்கரையில கொண்டாந்து நிறுத்திட்டு, பயப்படாதீங்க இது அரை பர்சென்ட் தான்னு சொன்னா நீங்க டீ வாங்கிக் குடுப்பீங்களா? அதுல ஆசிட் இருக்கும், கிருமி கொல்றது இருக்கும், குழாய்ல வழுக்கிட்டுப் போறதுக்கு ஒண்ணு, உப்புப் படியாம இருக்க ஒண்ணு. அமெரிக்காவுல 2005ல ஒரு எரிசக்திச் சட்டம் போட்டு, டீசல் கலந்தா தவிர இந்த வேலைய குடிநீர் பாதுகாப்புச் சட்டத்துக்கு வெளிய வெச்சுட்டாங்க. ஒண்ணுமே இல்லாத விஷயத்துக்கு எதுக்குங்க விலக்கு?

ஆனா எனக்கு உள்ள போறத விட வெளிய வர்றதுதான் பெரிய கவலை. அடிச்ச தண்ணியில ஒரு பங்கு திரும்ப மேல வரும், வர்றப்ப அடியில கோடிக்கணக்கான வருஷமாக் கெடந்த உப்பு, பேரியம், ரேடியம் எல்லாத்தையும் கரைச்சுக்கிட்டு வரும். அமெரிக்காவுல பென்சில்வேனியா மாநிலத்துல கேஸ் எடுக்குற மார்செல்லஸ் பாறைத் தண்ணியில லிட்டருக்கு 2 லட்சம் மில்லிகிராமுக்கு மேலயே உப்பு இருக்குறதுண்டு. கடல் தண்ணியே 35,000 தான். என் சட்டப்பைல இருக்குற டிடிஎஸ் மீட்டர், தண்ணியில கரைஞ்ச உப்ப அளக்குறது, 9,990 வரைக்கும்தான் காட்டும், அதுக்கு மேல போனா கோடு கோடா வரும். இந்தத் தண்ணிய எங்க கொண்டு போய் ஊத்துறது? ஓக்லஹோமாவுல எண்ணெய், கேஸ் கிணத்துலேருந்து வந்த உப்புத் தண்ணிய திரும்ப பூமிக்குள்ளயே ஆழமாத் தள்ளிக்கிட்டே இருந்தாங்க, 2016 செப்டம்பர்ல 5.8 அளவுக்கு நிலநடுக்கம் வந்துச்சு. எங்க பக்கம் தள்ளுனா ஆட்டத்துக்கு முன்னாடியே நடவு வயல்ல நாத்து கருகித் தெரிஞ்சிடும்.

கைபோர்காரன் | ஜூன் 22, மதியம் 2:15

திருத்தம், இது கொஞ்சம் பெரிசு. நாலு நாள் முன்னாடி ஒரு தம்பிக்கு பதில் போட்டப்ப "கதிராமங்கலத்துல ஃப்ராக்கிங் பண்ணித்தான் எண்ணெய் கசிஞ்சுது"ன்னு எழுதினேன், அத எடுத்துட்டேன். 2017 ஜூன் 30 கதிராமங்கலத்துல உடைஞ்சது வழக்கமான எண்ணெய்க் கிணத்துக் குழாய். வயல்ல கச்சா எண்ணெய் வந்துச்சு, தடியடி நடந்துச்சு, ஆளுங்கள ஜெயில்ல போட்டாங்க, அதெல்லாம் நடந்ததுதான். ஆனா அத ஃப்ராக்கிங்னு சொன்னா எதிர்த்தரப்பு ஆளு அந்த ஒரு வார்த்தையப் புடிச்சுக்கிட்டு மொத்தத்தையும் பொய்னு சொல்லிட்டுப் போயிடுவான். நாமளே அவனுக்கு ஏணி போட்டுக் குடுக்கக்கூடாது.

மன்னார்குடி மீத்தேன் திட்டமும் அந்த மாதிரிதான், வேற சமாச்சாரம். 2010ல ஒரு கம்பெனிக்கு 691 சதுர கிலோமீட்டர் குடுத்தாங்க, தஞ்சாவூர் திருவாரூர் ரெண்டு மாவட்டத்துலயும். அடியில ஐநூறு மீட்டருக்குக் கீழ பழுப்பு நிலக்கரி, அதுல மீத்தேன் ஒட்டிக்கிட்டு இருக்கு, மேல இருக்குற தண்ணி அழுத்தத்தால வெளிய வராம. கோலி சோடா மாதிரின்னு வெச்சுக்கங்க, குண்டத் தள்ளி அழுத்தம் விட்டாத்தான் கேஸ் வரும். அழுத்தம் விடணும்னா தண்ணிய இறைச்சு வெளிய கொட்டணும், மாசக்கணக்குல வருஷக்கணக்குல. ஆக அங்க பாறைய உடைக்கிறதுக்கு முன்னாடி தண்ணிய உறிஞ்சுறதுதான் மொத ஆபத்து. கடல் பக்கத்துல இருக்கு. உள்ள தண்ணி மட்டம் இறங்குனா கடல் சும்மா வேடிக்கை பாக்காது.

2013ல நம்மாழ்வார் ஐயா ஊர் ஊராப் போய் இதத்தான் பேசினாரு. அந்த டிசம்பர் 30ந் தேதி பட்டுக்கோட்டை பக்கம் பிச்சினிக்காட்டுல இறந்தாரு, அதே பிரச்சாரத்துல இருந்தப்ப. அந்த வருஷம்தான் மாநில அரசு நிறுத்தி வெச்சு நிபுணர் குழு போட்டுச்சு, 2015ல வேண்டாம்னு முடிவாச்சு.

கைபோர்காரன் | ஜூன் 22, மதியம் 2:40

ஒண்ணு சொல்ல விட்டுப்போச்சு. அந்தக் காலத்துல ஒரு கூட்டத்துக்கு நானும் போயிருந்தேன். நிலத்தடித் தண்ணிய உறிஞ்சுறாங்கன்னு மேடையில சூடா பேச பேச, என் பைக் பெட்டியில "24 மணி நேரமும் போர் போட்டுத் தரப்படும்"னு ஸ்டிக்கர். துண்ட எடுத்து மேல போட்டு மூடிட்டு கைதட்டினேன்.

கைபோர்காரன் | ஜூன் 28, இரவு 12:05

பம்புசெட் சார் கேட்டது: "ரெண்டு கிலோமீட்டர் ஆழத்துல நடக்குறது எப்புடி 200 அடியில இருக்குற குடி தண்ணிக்கு வரும்? நடுவுல எவ்வளவு பாறை இருக்கு?"

நியாயமான கேள்வி. நானும் ரொம்ப நாள் இதே கேள்வியத்தான் கேட்டுக்கிட்டு இருந்தேன். இதுக்கு பதில் எனக்கு எந்தப் புஸ்தகத்துலயும் கெடைக்கல, நான் கெடுத்த ஒரு போர்ல கெடைச்சுது. இத எங்கயும் எழுதினதில்ல, எழுதலாமான்னு மூணு நாளா யோசிச்சேன்.

எங்க பக்கம் தண்ணி அடுக்கடுக்கா இருக்கும். மேல இருபது அடியில சுமாரான தண்ணி, எழுபதுலேருந்து நூத்திப் பத்து வரைக்கும் மணல்ல உப்பு, அப்புறம் கருப்புக் களி கெட்டியா, அதுக்குக் கீழ இருநூறு தாண்டினா வெள்ளை மணல், நல்ல தண்ணி. அந்தக் களிதான் உப்பையும் நல்லதையும் காலங்காலமாப் பிரிச்சு வெச்சிருக்கு. நாங்க என்ன பண்றோம், அந்தக் களியில ஓட்டை போடுறோம். ஓட்டை ஆறேழு இஞ்சு, உள்ள இறக்குற பைப்பு நாலு இஞ்சு. ஓட்டைக்கும் பைப்புக்கும் நடுவுல இடைவெளி வரும் பாருங்க, அதுலதான் எல்லாம் இருக்கு. கீழ ஃபில்டர் பைப் இருக்குற எடத்துல மட்டும் சரளை போடணும், அதுக்கு மேல களி உருண்டை போட்டு சிமெண்ட் கரைச்சு ஊத்தி உப்பு லேயர அடைக்கணும்.

2017 பஞ்சத்துல ஒரு டீச்சரம்மா வீட்டுக்கு 240 அடி போட்டேன். அன்னைக்கே அடுத்த ஊர்ல மெஷின எறக்கணும், அட்வான்ஸ் வாங்கிட்டேன். களி உருண்டை உருட்ட ஆள் இல்ல. இடைவெளி பூரா மேல வரைக்கும் சரளையவே கொட்டி மூடிட்டு வந்துட்டேன். தண்ணி அருமையா இருந்துச்சு, டிடிஎஸ் 480. அந்தம்மா எலுமிச்சம்பழ ஜூஸ் போட்டுக் குடுத்தாங்க.

ரெண்டு வருஷம் கழிச்சு போன். "பருப்பு வேகலப்பா." போய்ப் பார்த்தா 2,300. தென்னங்கன்னு ஓலை நுனி பூரா கருகிப்போயி. உப்புத் தண்ணி சரளை வழியா பைப்ப ஒட்டிக்கிட்டே இறங்கி நல்ல தண்ணிக்குப் போயிருக்கு. நடுவுல இருந்த தொண்ணூறு அடி களி என்ன பண்ணும், நான்தான் அதுல கதவு வெச்சுட்டேனே.

சார், பாறைய யாரும் தாண்டி வர வேண்டாம். பாறையில ஓட்டை போட்டது நாமதான், அந்த ஓட்டைய ஒட்டியே வரும்.

கைபோர்காரன் | ஜூலை 3, இரவு 10:10

"நீ கத்துக்குட்டி, கம்பெனி எஞ்சினியர் அப்படியா பண்ணுவான்"னு ஒருத்தர். கத்துக்குட்டின்னு சொன்னதுக்கு கோவம் இல்ல, பத்தொன்பது வருஷக் கத்துக்குட்டி.

பென்சில்வேனியாவுல டைமக்னு ஒரு சின்ன ஊர். 2009 புத்தாண்டு அன்னைக்கு ஒரு வீட்டுக் குடிதண்ணிக் கிணறு வெடிச்சு மேல் மூடி கான்கிரீட் பறந்துச்சு, தண்ணிக்குள்ள மீத்தேன் சேந்து. அங்க கேஸ் எடுத்த கம்பெனி எஞ்சினியர வெச்சுத்தான் எடுத்துச்சு. பதிமூணு வருஷம் இழுத்து 2022 நவம்பர்ல அந்தக் கம்பெனி கோர்ட்டுல வழக்க எதிர்க்கலன்னு ஒத்துக்கிட்டு, ஊருக்கு குடிநீர்க் குழாய் போட 1.6 கோடி டாலருக்கு மேல குடுக்கச் சம்மதிச்சுது. பதிமூணு வருஷம்னா எம் பையன் பொறந்து ஏழாங்கிளாஸ் போற காலம்.

2014ல பென்சில்வேனியா, டெக்சாஸ்ல கெட்டுப்போன கிணறுகள ஆராய்ச்சி பண்ணவங்க சொன்னது, ஆழத்துல போட்ட வெடிப்பு வழியா கேஸ் நேரா மேல வரல, ஓட்டைக்குள்ள இறக்குன கேசிங் பைப்பும் அதச் சுத்தி ஊத்துன சிமெண்டும் பழுதான எடத்துலேருந்துதான் கசிஞ்சிருக்குன்னு. இத கம்பெனி ஆளுங்க "பாத்தீங்களா, ஃப்ராக்கிங் மேல தப்பில்ல, சிமெண்ட் மேலதான் தப்பு"ன்னு சந்தோஷமா எடுத்துக்கிட்டாங்க. எனக்கு அதப் படிச்சப்ப டீச்சரம்மா போர்தான் ஞாபகம். நானும் அப்படியே சொல்லியிருக்கலாம், போர் நல்ல போர்தாம்மா, சரளைதான் சரியில்லன்னு.

அமெரிக்க சுற்றுச்சூழல் துறை கூட 2015 வரைவு அறிக்கையில பரவலான பாதிப்பு இல்லங்குற மாதிரி எழுதிட்டு, அதுக்கு ஆதாரம் பத்தலன்னு 2016 கடைசி அறிக்கையில அந்த வரிய எடுத்துடுச்சு. சில சூழ்நிலையில குடிதண்ணி கெடும்னு எழுதுச்சு. அதே மார்செல்லஸ் பாறை எல்லை தாண்டி நியூயார்க் மாநிலத்துலயும் இருக்கு, அவங்க 2014 டிசம்பர்லயே வேண்டாம்னுட்டாங்க. ஒரே பாறை, ரெண்டு முடிவு.

கைபோர்காரன் | ஜூலை 9, காலை 7:00

"வீட்டுல சமைக்கிறது கேஸ்ல, எதிர்க்கிறதும் கேஸ்." வந்துட்டீங்களா, நேத்தே எதிர்பார்த்தேன்.

சிலிண்டர்ல இருக்குறது புரொப்பேன் பியூட்டேன், நாம பேசுறது மீத்தேன். இப்படிச் சொல்லித் தப்பிச்சுக்கலாம்னுதான் மொதல்ல நினைச்சேன். ஆனா பொய்யா இருக்கும். மெஷினுக்கு ஊத்துறது டீசல், ஒரு நாளைக்கு எவ்வளவுன்னு சொன்னா அடிக்க வருவீங்க. நம்ம ஊர் பொதுத்துறை கம்பெனி 2018லேருந்து அமெரிக்காவுலேருந்து கேஸ கப்பல்ல எறக்குது, அங்க கப்பல்ல ஏத்துற ஒரு துறைமுகத்துக்கு வர்றது மார்செல்லஸ் கேஸ். ஆக டைமக்காரன் தண்ணியக் கெடுத்த பாறையிலேருந்து இங்க எவனோ ஒருத்தன் உரம் செய்யிறான், அந்த யூரியா எங்க வயல்ல விழாதுன்னு என்ன நிச்சயம். இதுக்கு எங்கிட்ட பதில் இல்ல. இருந்தாலும் திங்கிறதால சமையக்காரன் சோத்துல மண்ணப் போடுறப்ப கேக்கக்கூடாதுன்னு இல்லையே.

இன்னொண்ணு, மீத்தேன் எரிச்சா நிலக்கரிய விட புகை கம்மி, அது வாஸ்தவம். எரியாம கசிஞ்சா இருவது வருஷக் கணக்குல கார்பன் டை ஆக்சைடு மாதிரி எம்பது மடங்குக்கு மேல சூடேத்தும். கசியாத குழாய நான் இன்னும் பாக்கல.

கைபோர்காரன் | ஜூலை 15, இரவு 11:50

ஜூன் 22 எழுதினத இப்ப திரும்பப் படிச்சேன். கதிராமங்கலம் வேற, மீத்தேன் வேற, ஃப்ராக்கிங் வேறன்னு பெரிய வாத்தியார் மாதிரி பிரிச்சு வெச்சிருக்கேன். பிரிச்சது சரிதான், ஆனா அரசாங்கம் பிரிக்கிறதில்லங்க. 2016 மார்ச்ல மத்திய அரசு கொண்டாந்த ஹெல்ப்ங்குற ஹைட்ரோகார்பன் லைசென்ஸ் கொள்கையில ஒரே லைசென்ஸ், அத வாங்கிட்டா எண்ணெய், இயற்கை எரிவாயு, நிலக்கரிப் படுகை மீத்தேன், ஃப்ராக்கிங் பண்ணி எடுக்குற ஷேல் பாறை கேஸ் எது வேணாலும் எடுத்துக்கலாம். 2018 ஆகஸ்ட்ல பழைய வயலுக்கும் கதவத் திறந்து விட்டாங்க. அதுக்கு நடுவுல 2017 பிப்ரவரி 15ல நெடுவாசலுக்கு அனுமதின்னு வந்தப்போ "ஹைட்ரோகார்பன்"னு ஒரு வார்த்தை வந்துச்சு, ஊர் சனம் மறுநாளே திடல்ல உக்காந்துருச்சு. அப்ப டிவியில ஒரு அறிவாளி "இவங்களுக்கு ஹைட்ரோகார்பன்னா என்னன்னே தெரியாது"ன்னு சிரிச்சாரு. கவர்மெண்டே எல்லாத்தையும் ஒரே சாக்குல கட்டி ஹைட்ரோகார்பன்னு எழுதி ஒட்டுனா அந்தத் திடல்ல உக்காந்த கிழவி சாக்கத்தான எதிர்க்க முடியும், உள்ள இருக்குறத எங்க பிரிச்சுப் பாக்குறது.

2020 பிப்ரவரில வேளாண் மண்டலச் சட்டம் வந்துச்சு, புதுசா எண்ணெய் கேஸ் துரப்பணம் கூடாதுன்னு. நல்லது. நானும் அன்னைக்கு வெடி வாங்கினேன். அப்புறம் படிச்சா ஏற்கனவே ஓடிக்கிட்டு இருக்குறதுக்குப் பொருந்தாது, அரியலூர் திருச்சி கரூர் உள்ள இல்ல. களி போட்டவன் இடைவெளி விட்டுட்டுப் போயிருக்கான். போன வருஷம் ஏப்ரல்ல வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்புன்னு நிலக்கரி ஏலத்துல பேர் வந்து கத்தி கூப்பாடு போட்டு எடுக்க வெச்சோம்ல.

கைபோர்காரன் | ஜூலை 21, மாலை 6:30

"டீச்சரம்மா போர் என்னாச்சு, சரி பண்ணிக் குடுத்தியா"ன்னு நாலு பேர் கேட்டுட்டீங்க. பண்ணல. அஞ்சு வருஷமா அந்தத் தெரு வழியாப் போறதில்ல, கோயில் சுத்திதான் போவேன்.

இன்னைக்குப் போனேன். மோட்டார் போட்டு கால் மணி நேரம் ஓட விட்டுப் பிடிச்சேன், 3,140. வாளி அடியில வெள்ளையாப் படிஞ்சு கெடக்கு. அந்தம்மா திட்டல, அதான் கஷ்டம். "நீ என்னப்பா பண்ணுவ, மண்ணு அப்படி"ன்னாங்க. மண்ணு அப்படி இல்லம்மா நான் அப்படின்னு சொல்லிட்டேன். பக்கத்து வீட்டு போர் நாப்பது அடி தள்ளி, அது வேற செட்டு போட்டது, ஒழுங்கா போட்டது, அதுவும் 1,150க்கு வந்துருச்சு. அந்த வீட்டுக்காரரு எங்கிட்ட ஒரு பைசா வேலை வாங்குனவரு இல்ல.

கைபோர்காரன் | ஜூலை 30, இரவு 9:40

மேட்டூர் ரொம்பிருச்சுன்னு நியூஸ். ரெண்டு நாள் முன்னாடி திறந்தாச்சு, கடைமடைக்கு எங்களுக்கு வர இன்னும் நாளாகும். மெஷின் நின்னுருச்சு, போர்க்காரனுக்கு ஆறு வந்தா லீவு.

அந்த லீவுல டீச்சரம்மா போர அடைச்சேன். அரை இஞ்சு குழாய அடி வரைக்கும் விட்டு சிமெண்ட் பால கீழேருந்து மேல ஏத்தி பதினாறு மூட்டை. எஞ் செலவு. புது போர் அவங்க தம்பி ஊருலேருந்து வந்து பேசுறேன்னு சொல்லியிருக்காரு, எங்கிட்ட குடுப்பாங்களான்னு தெரியல, குடுக்காம இருந்தா அதுவும் நியாயம்.

பம்புசெட் சார் உடனே கேப்பீங்க, அதனால நானே சொல்லிடுறேன். சிமெண்ட் பைப்புக்கு உள்ளதான் போச்சு. வெளிய சரளை அப்படியே இருக்கு, பைப்ப உருவ முடியல, உருவப் பார்த்தேன், நூறடியில அறுந்துருச்சு. ஆடிப்பெருக்கு முடிஞ்சு பக்கத்து வீட்டுத் தண்ணிய ஒரு தடவ மீட்டர் போட்டுப் பாக்கணும், வாசல்ல நின்னு என்ன சொல்லிக் கேக்குறதுன்னுதான் யோசிச்சுக்கிட்டு இருக்கேன்.